பாட்டிலக்கா சொன்ன கிழமை

எங்கள் சோதனைக்கூடத்தின் பணியாளர் பட்டியலில் அவருடைய வேலைக்கு 'மாதிரி சேகரிப்பவர்' என்று பெயர். வெளியே யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆலை வாசல்களில் நின்ற காவல்காரர்கள் வைத்த பெயர்தான் நிலைத்தது: பாட்டிலக்கா. தோளில் ஐஸ் பெட்டி, அதற்குள் பன்னிரண்டு பாட்டில்கள், கையில் கயிறு கட்டிய ஒரு சின்ன வாளி. புதிதாக வந்த டீக்கடைக்காரர் ஒருவர் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, "பாவம், பாக்க நல்ல மாதிரி இருக்காங்க, இப்படி ஒரு பழக்கமா?" என்று வருத்தப்பட்டாராம். அதை அக்காவே வந்து எங்களிடம் சொல்லி, கண்ணில் நீர் முட்டச் சிரித்தார்.

நான் அதே கூடத்தில் வேதியியலாளர். ஆலைகளின் கழிவுநீர் வாய்க்காலில் விழுகிற இடத்தில் அவர் மொண்டு வருவார், நான் அளந்து சொல்வேன். பதினோரு வருடம் இப்படித்தான் போனது. பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசிய பிறகுதான் நிரப்புவார். மழை கொட்டினாலும் சீட்டை அங்கேயே நின்று எழுதி ஒட்டுவார். வேனுக்குள் உட்கார்ந்து எழுதலாமே என்று ஓட்டுநர் கேட்டால், "வேன்ல ஏறினா ஃபோன் வரும். ஃபோன் வந்தா எழுத்து மாறும்" என்பார்.

அவர் வயிற்றில் பிறக்காத பிள்ளை ஒன்று அவருக்கு இருந்தது. அது அவருடைய தம்பி. அம்மாவும் அப்பாவும் ஒரே வருடத்தில் நோயில் போனபோது அக்காவுக்குப் பத்தொன்பது வயது, தம்பிக்கு எட்டு. பள்ளிப் படிப்போடு நிறுத்திக்கொண்டு இந்த வேலைக்கு வந்தார். தம்பியைப் படிக்க வைக்க எவ்வளவோ பார்த்தார். அவனுக்குப் புத்தகம் ஏறவில்லை, சாயம் ஏறியது. பதினேழு வயதில் ஒரு சின்னச் சாயப்பட்டறையில் சேர்ந்து, முப்பது வயதில் அங்கே சாயம் கலக்கும் மேஸ்திரி ஆகிவிட்டான். எந்தத் துணித்துண்டைக் காட்டினாலும் அதே நிறத்தைக் கலந்து கொடுத்துவிடுவான். அவன் கைகள் மணிக்கட்டு வரை நீலமாகவே இருக்கும். சோப்புப் போட்டால் போகாது.

ஒரே வீட்டில் இரண்டு குடும்பம். கீழே அக்காவும், அச்சகத்தில் வேலை பார்த்த அவர் கணவரும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. மாடியில் தம்பி, அவன் மனைவி, நான்கு வயதுப் பெண் குழந்தை. காலையில் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து, ஒரே வாசலில் கிளம்பி, ஆளுக்கொரு திசையில் போவார்கள். எப்போதாவது தம்பியின் பட்டறைக்கு மாதிரி எடுக்கப் போக நேர்ந்தால், அவன் கேட்டில் நின்று, "வாங்க மேடம், வணக்கம்" என்பான். இவர் முகத்தில் ஒரு சுளிப்பும் காட்டாமல், "நீங்க யாரு? பொறுப்புல இருக்கிறவரக் கூப்பிடுங்க" என்பார். சாயங்காலம் வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் என்றைக்கு எந்த ஆலைக்குப் போகப்போகிறோம் என்பதை அக்கா அவனிடம் சொன்னதில்லை. அவனும் கேட்டதில்லை. அந்த நாள் எங்கள் அதிகாரிக்கும் அக்காவுக்கும் மட்டுமே தெரியும்.

அதுவரை கழிவுநீருக்கு எல்லா ஆலைகளும் ஒரே மாதிரிக் கட்டணம்தான் செலுத்தி வந்தன. குழாய் எவ்வளவு அகலம் என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான். உள்ளே ஓடுவது பன்னீரா விஷமா என்று யாரும் கேட்டதில்லை. வாய்க்கால் திங்கட்கிழமை சிவப்பாகவும் வியாழக்கிழமை ஊதாவாகவும் ஓடியது. அந்தத் தண்ணீர் பட்ட மாட்டின் கால்களில் முடி கொட்டியது. புகார்கள் குவியவே, அழுக்குக்கு ஏற்ற கட்டணம் என்று மேலிடத்தில் முடிவானது. அதற்கு அட்டவணை போடக் கூட்டம் கூட்டினார்கள். அதிகாரி, ஆலைச் சங்கத்திலிருந்து ஐந்து பேர், மேசையின் கடைசியில் நானும் அக்காவும்.

அட்டவணை மூன்று படிகளாக இருந்தது. ஒரு லிட்டர் தண்ணீரில் அழுக்கு இத்தனை மில்லிகிராமுக்குள் இருந்தால் முதல் படி, சாதாரணக் கட்டணம். அதைத் தாண்டினால் இரண்டாம் படி, இரண்டு மடங்கு. மூன்றாம் படிக்கு ஐந்து மடங்கு. அடுத்தடுத்து மூன்று முறை மூன்றாம் படியில் விழுந்தால் குழாய்க்குச் சீல்.

எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்தபோது அக்கா கையை உயர்த்தினார்.

"சார், ஒரு லிட்டர்ல எவ்வளவு அழுக்குன்னு மட்டும் பாத்தா போதுமா? மொத்தம் எத்தனை லிட்டர் விடுறாங்கன்னு பாக்க வேணாமா?"

"அதுக்குக் குழாய்க்குக் குழாய் மீட்டர் போடணுமேம்மா" என்றார் அதிகாரி. "யார் போடுறது, யார் பாத்துக்கிறது? இப்போதைக்கு இது போதும்."

"ஒரு டம்ளர் காப்பியில ஒரு குடம் தண்ணிய ஊத்தினா காப்பித்தூள் கொறஞ்சிடுமா சார்?"

சங்கத்துக்காரர் ஒருவர், "அம்மா வீட்டுக்குக் காப்பி குடிக்கப் போறவங்க ஜாக்கிரதையா இருங்க" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். அக்கா சொன்னதுதான் சரி என்று அந்த அறையில் படித்துத் தெரிந்துவைத்திருந்தவள் நான். நானும் குனிந்து என் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அட்டவணை அமலுக்கு வந்த ஆறாவது மாதத்தில் எங்கள் எண்கள் எல்லாம் சரிந்தன. மூன்றாம் படியில் இருந்த பெரிய ஆலைகள் இரண்டுக்கு வந்தன, இரண்டில் இருந்தவை ஒன்றுக்கு. அதிகாரி அதை வரைபடமாகப் போட்டுச் சுவரில் மாட்டினார். வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

வரைபடத்தை மாட்டிய அன்று மத்தியானம் அக்கா என் மேசைக்கு வந்தார்.

"ஏம்மா, பெரிய ஆலைத் தண்ணியில உப்பு எவ்வளவு வருது?"

எடுத்துக் காட்டினேன். அவர் தன் நோட்டில் இருந்த பழைய எண்ணோடு ஒப்பிட்டுவிட்டு, விரலால் தட்டினார்.

"பாரு. மெஷின் வெச்சு சுத்தம் பண்ணியிருந்தா அழுக்கு கொறயும், உப்பு அப்படியே நிக்கும். இவங்ககிட்ட இருக்கிற மெஷினுக்கு உப்ப எடுக்க வராது. ஆனா இங்க ரெண்டும் சொல்லிவெச்ச மாதிரி பாதியாயிருக்கு. போர் போட்டு நல்ல தண்ணிய எறைச்சு ஊத்துறான். போன வாரம் குழாய் வாயில கை வெச்சேன், ஜில்லுன்னு இருந்துச்சு. சாயத்தண்ணி என்னைக்கும்மா ஜில்லுன்னு வந்துருக்கு?"

ஆலைக்குப் பின்னால் இருந்த தெருவில் கிணறுகள் வற்றத் தொடங்கியது அந்தக் கோடையில்தான். அக்கா ஒரு பக்கத்துக்குக் குறிப்பு எழுதினார். நானும் கீழே கையெழுத்துப் போட்டேன். அதிகாரி படித்துவிட்டு, "நல்ல குறிப்பு" என்று சொல்லி இழுப்பறைக்குள் வைத்தார். அது அங்கேயே கிடந்தது.

சின்னப் பட்டறைகளுக்கு அந்த வழியும் இல்லை. போர் போட இடமில்லை, சுத்திகரிக்கும் மெஷினுக்கு வசதியில்லை. அவர்கள் தரைக்கடியில் தொட்டி கட்டினார்கள். கெட்டியான கழிவை அதில் விட்டு மூடிவைப்பது, துணி அலசிய தண்ணீரை மட்டும் வெளியே விடுவது, மழை பெய்கிற அன்று தொட்டியையும் திறந்துவிடுவது. அந்த வருடம் மழை ஏமாற்றியது. தொட்டிகள் நிரம்பி, மிச்சம் வாய்க்காலுக்கு வந்தது. தம்பி வேலை பார்த்த பட்டறை இரண்டு முறை மூன்றாம் படியில் விழுந்தது. இரண்டு முறையும் மொண்டு வந்தவர் அக்கா, அளந்து எழுதியவள் நான்.

அடுத்து நடந்ததை அக்கா பிற்பாடுதான் எனக்குச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். தம்பி மாடியிலிருந்து இறங்கி வந்து கதவுநிலையில் சாய்ந்து நின்றான்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். திட்டக்கூடாது."

"திட்டற மாதிரி இருந்தா கேக்காத."

"எங்க பட்டறைக்கு என்னைக்கு வர்றீங்க?"

அக்கா குழாயை மூடினார்.

"இன்னொரு தடவ விழுந்தா சீல். நாப்பது பேர் வேலை போயிடும்க்கா. இந்த வயசுல இந்தக் கைய வெச்சுக்கிட்டு நான் வேற எங்க போவேன்? பெரிய ஆலைக்காரன் தண்ணிய ஊத்திட்டு நல்லவன்னு பேர் வாங்கிட்டான். அது உங்களுக்கே தெரியும். நாங்க மட்டும் என்னக்கா பாவம் பண்ணோம்?"

"கேக்காதடா."

"இந்த ஒரு தடவதான். இருபது வருஷத்துல ஏதாவது கேட்டிருக்கேனா?"

அவன் கேட்டதில்லை என்பது உண்மை. குறிப்பு இழுப்பறையில் கிடப்பதும் உண்மை. அக்கா கையைத் துடைத்துக்கொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"செவ்வாய்க்கிழமை."

மறுநாள் திங்கட்கிழமை காலையில் தம்பி அதை முதலாளியின் காதில் போட்டான். முதலாளி உடனே தொட்டியைக் காலி பண்ணச் சொன்னார். காலியாக இருந்தால் செவ்வாய்க்கிழமை கழிவு முழுவதையும் அதற்குள் அடக்கிவிடலாம், அக்காவின் வாளிக்கு அலசின தண்ணீர் மட்டும் போகும். டேங்கர் லாரி வந்து மேலே இருந்ததை உறிஞ்சியது. அடியில் இடுப்பளவு சேறு, மோட்டார் அடைத்துக்கொண்டது. பதினொரு மணிக்கு, சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத ஒரு கூலியாளை மண்வெட்டியோடு ஏணி வழியே இறக்கினார்கள். அவன் சேற்றை நாலு முறை கிளறியிருப்பான். மாதக்கணக்கில் மூடிக் கிடந்த கழிவுக்கு அடியில் தங்கியிருந்த வாயு கிளம்பியது. அவன் ஒரு சத்தம்கூடப் போடாமல் குப்புற விழுந்தான்.

தம்பி ஓடி வந்தான். மேலே நின்றவர்கள் வேண்டாம் என்று கத்தினார்கள். "மூஞ்சி சேத்துல இருக்குடா, செத்துப் போவான்டா" என்று சொல்லிக்கொண்டே முகத்தில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு இறங்கினான். கூலியாளை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி ஏணியில் சாய்க்கும் வரைக்கும் வந்துவிட்டான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அங்கேயே மடங்கி உட்கார்ந்துவிட்டான். மூன்றாவதாக இறங்கப் போனவனைச் சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். தீயணைப்புக்காரர்கள் முகமூடியோடு வந்து இருவரையும் மேலே கொண்டுவர நாற்பது நிமிடம் ஆனது. இரண்டு பேருக்கும் உயிர் இல்லை.

எங்கள் கூடத்துக்கு ஃபோன் வந்தது. ஒரு சாயப்பட்டறைத் தொட்டியில் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள், உடனே மாதிரி எடுக்க வேண்டும் என்று முகவரியைச் சொன்னார்கள். யார் என்று சொல்லவில்லை. முகவரியைக் கேட்டதும் அக்கா ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டார். நான் பின்னால் ஓடிப்போய் வேனில் ஏறினேன். வழியெல்லாம் அவர், "அவன் மேஸ்திரி. அவன் ஏன் எறங்கப் போறான்? அவன் எறங்க மாட்டான்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

பட்டறை வாசலில், எப்போதும் "வாங்க பாட்டிலக்கா" என்று சல்யூட் அடிக்கும் காவல்காரர் எங்களைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். உள்ளே சாக்குப் படுதாவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த நீலக் கையை நானும் பார்த்தேன்.

அக்கா அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். முகத்தில் இருந்த சேற்றைத் தன் முந்தானையால் துடைத்தார். மூக்கு, காது, இமை எல்லாவற்றையும் குழந்தைக்குத் துடைப்பது போலத் துடைத்தார். அழவில்லை. ஆம்புலன்ஸ் போன பிறகு எழுந்து வாளியை எடுத்தார்.

"அக்கா, நீங்க போங்க. நான் எடுக்கறேன்" என்றேன்.

"உனக்கு வாளி விடத் தெரியாது. தள்ளு."

கயிற்றை விட்டார். பாட்டிலை மூன்று முறை அலசினார், நிரப்பினார், மூடினார். சீட்டில் கிழமை என்ற இடத்தில் 'செவ்வாய்' என்று எழுதி, அதை அடித்துவிட்டு, 'திங்கள்' என்று எழுதினார். ஏதோ தடுமாற்றம் என்று நினைத்தேன். அப்போது எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை.

பதினாறாம் நாள் எங்கள் அலுவலகத்திலேயே விசாரணை நடந்தது. வழக்கமான துப்புரவு வேலைதான், அவசரம் எதுவும் இல்லை என்று முதலாளி எழுதிக் கொடுத்திருந்தார். மாதிரி எடுக்கும் நாள் முன்கூட்டியே வெளியே போனதை அறிந்தவர்கள் இப்போது இரண்டே பேர். முதலாளி வாயைத் திறக்கப் போவதில்லை. அக்காவின் முறை வந்தது.

"செவ்வாய்க்கிழமை நான் வர்றேன்னு அவங்களுக்கு முன்னாடியே தெரியும். நான்தான் என் தம்பிகிட்ட சொன்னேன்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, என்னை மட்டும் இருக்கச் சொன்னார். குரலைத் தாழ்த்தினார்.

"தம்பியப் பறிகொடுத்துட்டு நிக்கறீங்க. அது போதாதா? இதையும் எழுதணுமாம்மா? வேலைக்கே ஆபத்து."

"எழுதுங்க சார். நாள் தெரிஞ்சதாலதான் அவசர அவசரமா ஆள எறக்கினாங்க. அத விட்டுட்டு எழுதினா, அந்த ரெண்டு பேரும் ஏதோ கவனமில்லாம செத்துப் போன மாதிரி ஆயிடும்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். "தொட்டி ஏன் கட்டினாங்கன்னும் எழுதுங்க. பெரிய ஆலைங்க தண்ணிய ஊத்தித் தப்பிச்சுதுன்னும் எழுதுங்க. என் குறிப்பு உங்க இழுப்பறையில இருக்கு. அதையும் சேத்து வையுங்க."

"அதுல என் கையெழுத்தும் இருக்கு சார்" என்றேன். அந்தக் கூட்டத்தில் குனிந்திருந்ததற்குப் பிறகு நான் வாயைத் திறந்தது அப்போதுதான். ரொம்பப் பிந்திவிட்டது.

அக்காவை எட்டு மாதம் பணியிடை நீக்கம் செய்தார்கள். முதலாளியைக் கைது செய்து, கொஞ்ச நாளில் ஜாமீனில் விட்டார்கள். பட்டறைக்குச் சீல் வைத்தார்கள். நாற்பது பேரும் வேலை இழந்தார்கள். தண்ணீர் ஊற்றிய ஆலைகள் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை என்று அறிக்கை சொன்னது. அட்டவணைப்படி அது சரிதான்.

தம்பி மனைவிக்கு விஷயம் எப்படியோ எட்டியது. மாடிப்படியில் வழிமறித்துக் கேட்டாள்.

"நீங்க நாள சொல்லாம இருந்திருந்தா அவரு இருந்திருப்பாரா அண்ணி?"

"இருந்திருப்பான்" என்றார் அக்கா.

அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு அவள் அக்காவிடம் வாய் திறக்கவில்லை. போக வேறு இடம் இல்லாததால் அதே மாடியில்தான் இருந்தாள். காலையில் அவள் குழாயடிக்கு வந்தால் அக்கா உள்ளே போய்விடுவார். அக்கா நின்றால் அவள் படியிலேயே காத்திருப்பாள். அக்காவின் கணவர்தான் பாவம், இரண்டு தரப்புக்கும் தூது போய் இளைத்தார். "நீ ஏன்தான் அத அங்க போய்ச் சொன்னியோ" என்று ஒருமுறை ஆற்றாமையில் கேட்டுவிட்டார். அக்கா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

வேலைக்குத் திரும்பியவரை வாய்க்கால் பக்கமே விடவில்லை. பதிவறையில் போட்டார்கள். ஜன்னல் இல்லாத அறை. பழைய கோப்புகளுக்கு எண் போடுகிற வேலை. மத்தியானம் நான் டீ எடுத்துக்கொண்டு போவேன். "வாசமே இல்லாத வேலைம்மா இது" என்பார். ஒரு நாள் கோப்புக்கட்டு ஒன்றைத் தூக்கி என் முன்னால் வைத்தார். தன் கையெழுத்தில் இருந்த இருபத்துமூன்று வருடச் சீட்டுகளின் நகல். "அத்தனையும் நேர்மையா எழுதினது. ஒரே ஒரு நாள் வாய் தவறிச்சு" என்றார். வாய் தவறியது என்று சொன்னதும் அவருக்கே பொறுக்கவில்லை. "இல்ல. தவறல. தெரிஞ்சேதான் சொன்னேன்" என்று திருத்திக்கொண்டார்.

இரண்டு வருடம் கழித்து அட்டவணையை மாற்றினார்கள். இனி லிட்டருக்கு எவ்வளவு என்பதோடு, ஒரு நாளைக்கு மொத்தம் எவ்வளவு அழுக்கு வெளியே போகிறது என்பதற்கும் கட்டணம். குழாய்க்குக் குழாய் மீட்டர். சின்னப் பட்டறைகளுக்கு எல்லோருக்கும் பொதுவாக ஒரு சுத்திகரிப்பு நிலையம். புதிதாக வந்த அதிகாரி அக்காவின் குறிப்பைக் கூட்டத்தில் வரிவரியாகப் படித்தார். எழுதியவர் யார் என்று சொல்லவில்லை; அவரைக் கூப்பிடவும் இல்லை. நான் பதிவறைக்குப் போய்ச் சொன்னேன்.

"மீட்டரு யார் பொறுப்புல இருக்கும்?" என்று கேட்டார் அக்கா.

"அந்தந்த ஆலைக்காரங்க பொறுப்புல."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டுக் கோப்புக்கு எண் போடத் தொடங்கினார்.

இறந்துபோனவரின் குடும்பத்துக்கு என்று அந்தப் பொது நிலையத்தில் தம்பி மனைவிக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். சேர்ந்த முதல் வாரம் ஒரு சாயங்காலம் அவள் கீழே இறங்கி வந்து, அக்காவின் கதவுக்கு வெளியே நின்றாள். கையில் பாதுகாப்பு விதிகள் அச்சடித்த ஒரு தாள். அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் தெரியும்.

"படிச்சுட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்காங்க" என்றாள். யாரிடம் சொல்கிறாள் என்று தெரியாதபடி சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

அக்கா தாளை வாங்கினார். இரண்டு பேரும் நின்றபடியே இருந்தார்கள். ஒவ்வொரு வரியாகப் படித்து, அதை வீட்டுப் பேச்சில் திருப்பிச் சொன்னார். தொட்டி மூடியைத் தனியாகத் திறக்கக் கூடாது. திறந்த உடனே எட்டிப் பார்க்கக் கூடாது. அளவுகருவி வைத்துப் பார்க்காமல் யாரும் ஏணியில் கால் வைக்கக் கூடாது.

"உள்ள யாராவது விழுந்துட்டா?" என்று கேட்டாள் அவள்.

அந்தக் கேள்விக்கான வரி தாளில் கடைசியில் இருந்தது. அக்கா அதைப் படிக்கவில்லை.

"எறங்காத. யாரா இருந்தாலும் எறங்காத. கத்தி ஆளக் கூப்பிடு. உன் கண்ணு முன்னாடி துடிச்சாலும் எறங்காத."

அவள் தாளை வாங்கி நான்காக மடித்துக்கொண்டு மாடிக்குப் போனாள். மறுநாள் பேசினாளா என்று நான் கேட்டேன். இல்லை என்றார் அக்கா. ஆனால் மத்தியான ஷிஃப்ட் இருக்கிற நாட்களில், பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தையை அக்காவின் வீட்டுக்குப் போகச் சொல்லியிருந்தாள். அந்தப் பெண் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பசிக்குது அத்தை என்று சொல்லிக்கொண்டே உள்ளே வரும்.